அடிமுடி தெரியாத தம்பத்துக்கு அளவெடுத்த இரும்புக் குழாயா? கோவில் நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

செயல் அலுவலர் அவர்களுக்கும், தக்கார் அவர்களுக்கும், தீபத் திருவிழாக் குழுவினருக்கும்,

இந்த ஆண்டு கார்த்திகை தீபத்தன்று பனைமரத்தில் ஓலை கட்டி எரிக்கும் சொக்கப்பனை கிடையாது, 20 அடி இரும்புக் குழாயில் சாக்கைச் சுற்றிக் கொளுத்துவோம், மாடவீதிகளில் பொறி பறக்கும் கரிப்பொட்டணமான மாவளி சுற்றக் கூடாது என்று கோவில் வாசலில் நீங்கள் ஒட்டிய அறிவிப்பைப் பார்த்தோம். அதற்குக் காரணம் சொல்லி வீடு வீடாகக் கொடுத்த துண்டறிக்கையையும் படித்தோம். "நெருப்புதான் முக்கியம், எதை எரித்தால் என்ன, பனை வெறும் பழக்கம்" என்று அதில் ஒரு வரி இருக்கிறது. அனுமதி, பாதுகாப்பு, செலவு எல்லாம் உட்கார்ந்து பேசித் தீர்க்கக்கூடியவை. அந்த ஒரு வரியை மட்டும் எங்களால் விட்டுவிட முடியவில்லை.

இதில் கையெழுத்திட்டிருப்பவர்கள் பனையேறுகிறவர்கள், ஆண்டுதோறும் ஓலை கட்டுகிறவர்கள், மாவளி செய்கிறவர்கள், தேவாரம் ஓதுகிறவர்கள், பள்ளியில் தமிழ் நடத்துகிறவர்கள்.

பழக்கம்தானா என்று தெரிந்துகொள்ள வெகுதூரம் போக வேண்டாம். உங்கள் அலுவலகத்திலிருந்து எழுந்து கருவறையைச் சுற்றிப் பின்பக்கம் வாருங்கள். மேற்குச் சுவர் மாடத்தில் லிங்கோற்பவர் நிற்கிறார். ஒரு தூண். அதன் நடுவே பிளந்தது போல நீள்வட்டமாக ஒரு திறப்பு. திறப்புக்குள் சிவன். கணுக்காலுக்குக் கீழே பாதம் செதுக்கப்படவில்லை, மகுடத்தின் உச்சியும் தூணுக்குள் போய் மறைகிறது. சிற்பி வேலையைப் பாதியில் விட்டுவிட்டுப் போகவில்லை, கதையே அதுதான். மேலே பறக்கிற அன்னம் பிரமன், கீழே மண்ணைக் கிண்டுகிற பன்றி திருமால். யார் பெரியவர் என்று இருவருக்கும் சண்டை மூள, நடுவே தீத்தம்பம், அதாவது தீத்தூண், எழுந்தது. அடியைக் காண முடியவில்லை என்று திருமால் ஒப்புக்கொண்டார். முடியைக் கண்டதாகப் பிரமன் சொன்னார், உச்சியிலிருந்து உதிர்ந்து வந்த தாழம்பூ பொய்ச்சாட்சி சொன்னது. அதனால்தான் சிவபூசையில் தாழம்பூ சேர்ப்பதில்லை. சம்பந்தர் தம் பதிகங்களில் பெரும்பாலும் ஒன்பதாம் பாட்டை இந்த இருவரும் தேடிக் காணாததற்கே ஒதுக்கிவைத்தார்.

இந்தத் தம்பத்தைத் தெருவில், எல்லோரும் பார்க்கும்படி, ஆண்டுக்கு ஒரு முறை நிறுத்திக் காட்டுவதுதான் சொக்கப்பனை. சொக்கன் பனை என்று பெயருக்குப் பொருள் சொல்வோரும் உண்டு, சுவர்க்கப் பனை என்போரும் உண்டு. அந்த வழக்கை இங்கே தீர்க்க வேண்டியதில்லை. ஏன் பனை என்பதற்கு மரத்தைப் பார்த்தாலே போதும். கிளை கிடையாது. அடி முதல் உச்சி வரை ஒரே தூண். அதில் காவோலையை, அதாவது காய்ந்த பனையோலையை, அடுக்கிக் கட்டினால் அடி ஓலைக்குள் மறைந்துவிடும். தீ பிடித்து மேலே ஓடும்போது உச்சி பொறிக்குள் மறைந்துவிடும். கால் மணி நேரம், எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று சொல்ல முடியாத ஒரு தீத்தூண் நிற்கும். மேற்கு மாடத்துக் கல்லில் இருப்பது அப்படியே வாசலுக்கு வந்து நிற்கும்.

போன ஆண்டு சோதனையாக நீங்கள் வைத்த இரும்புக் குழாயில் என்ன தெரிந்தது? மண்ணெண்ணெய் ஊற்றிய சாக்கு நாலைந்து நிமிடத்தில் எரிந்து விழுந்தது. மீதி நேரமெல்லாம் வெல்டிங் செய்த குறுக்குக் கம்பிகளோடு ஒரு கரிக்குழாய். அடியும் முடியும் பளிச்சென்று தெரிகிற அடிமுடி காணாத தம்பம்!

"திருவண்ணாமலையில் செப்புக் கொப்பரை வைக்கவில்லையா, அதுவும் உலோகம்தானே" என்று உங்கள் குழுவில் ஒருவர் கேட்டாராம். கேட்க வேண்டிய கேள்விதான். 2,668 அடி மலையின் உச்சியில் வைக்கும் கொப்பரை ஓர் அகல். அதில் எரிவது ஆயிரக்கணக்கான கிலோ நெய்யும் ஆயிரம் மீட்டருக்குக் குறையாத காடாத் துணித் திரியும். அங்கே தம்பம் மலையே. கொப்பரை அதன் உச்சியில் ஏற்றும் விளக்கு. நம் ஊரில் மலை இல்லை. மலையின் இடத்தில் நிற்பது பனை. விளக்கை உலோகத்தில் ஏற்றலாம், குத்துவிளக்கு பித்தளைதான். தம்பத்தையே மாற்றுவது வேறு.

இனி துண்டறிக்கையின் இன்னொரு தவறு. கார்த்திகை விளக்கீடு இந்தப் புராணத்திலிருந்து பிறந்தது என்றும், அது "தென்னாட்டுத் தீபாவளி" என்றும் எழுதியிருக்கிறீர்கள். இரண்டும் சரியில்லை. லிங்கோற்பவர் கதை கார்த்திகைக்கு மட்டும் உரியதும் அல்ல. மகாசிவராத்திரி நள்ளிரவை லிங்கோற்பவ காலம் என்று சொல்லித்தான் அன்றைக்கு அபிடேகம் செய்கிறோம். விளக்கு முந்தியது, கதை பிறகு வந்து அதில் சேர்ந்தது என்றுதான் பாட்டுகளைப் பார்த்தால் படுகிறது.

அகநானூறு 141ஆம் பாட்டில் நக்கீரர் காட்டுவது ஒரு வானம். மழை ஓய்ந்த வானம், முயல் கறை தெரிகிற முழுநிலவு, அது அறுமீனோடு, அதாவது கார்த்திகை விண்மீன் கொத்தோடு, சேர்கிற நள்ளிரவு. அன்று "மறுகு விளக்குறுத்து மாலை தூக்கி" ஊரே கூடி விழா எடுக்கிறது. மறுகு என்றால் தெரு. கோவில் என்ற சொல் அங்கே வரவில்லை, தீத்தம்பமும் வரவில்லை. பிரிந்து போனவன் அந்த விழாவுக்காவது வந்துவிட மாட்டானா என்று ஒருத்தி ஏங்குவதுதான் பாட்டு. நற்றிணை 202ஆம் பாட்டு இந்த மாதத்தை "அறுமீன் பயந்த அறஞ்செய் திங்கள்" என்கிறது. கோங்கம் பூத்த காடு விளக்கு வரிசை போல இருக்கிறது என்கிறது. களவழி நாற்பதில் போர்க்களத்துக் குருதிக்கே "கார்த்திகைச் சாற்றில் கழிவிளக்கு" உவமையாக வருகிறது. சாறு என்றால் விழா. உவமைக்கு எடுக்கிற அளவுக்கு எல்லோருக்கும் தெரிந்த காட்சியாக இருந்திருக்கிறது.

அந்த வானத்தை இன்றைக்கும் மொட்டைமாடியில் நின்று பார்க்கலாம். கார்த்திகை மாதத்தில் சூரியன் விருச்சிகத்தில் இருக்கும். முழுநிலவு அதற்கு நேர் எதிரே, ரிடபத்துப் பக்கம்தான் நிற்க முடியும். அறுமீன் கொத்து இருப்பது அங்கேதான். வெறுங்கண்ணுக்குச் சின்ன மூக்குத்திக் கற்கள் போல ஆறு புள்ளிகள். ஒரே ஒரு சிக்கல், முழுநிலவு பக்கத்தில் இருந்தால் அதன் வெளிச்சத்தில் அவை மங்கிவிடும். கட்டைவிரலால் நிலவை மறைத்துப் பார்த்தால் பிடிபடும். இந்த ஆறு பேர்தான் முருகனுக்குப் பாலூட்டிய கார்த்திகைப் பெண்கள் என்பது அடுத்து வந்து சேர்ந்த கதை. முருகன் கோவில்களில் இந்த நாள் ஏன் பெரிய நாள் என்பதற்கு அது போதும்.

ஏழாம் நூற்றாண்டில் சம்பந்தர் மயிலையில் (மயிலாப்பூரில்) இறந்துபோன பூம்பாவை என்ற பெண்ணை உயிரோடு எழுப்பப் பாடிய பதிகத்தில் "கபாலீச்சரத்தான் தொல் கார்த்திகை நாள்" என்கிறார். அவர் காலத்திலேயே அது தொல் கார்த்திகை. "விளக்கீடு காணாதே போதியோ" என்று கேட்கிறார். விளக்கீடு என்ற இவ்வளவு நல்ல சொல்லை வைத்துக்கொண்டு நாம் தீபாவளியைக் கடன் கேட்க வேண்டிய தேவை என்ன?

பெருமாள் கோவில்களிலும் கார்த்திகை உண்டு. அங்கே கணக்கு வேறு என்பதால் சில ஆண்டுகளில் நாள் தள்ளி வரும். காஞ்சிபுரம் தூப்புலில் விளக்கொளிப் பெருமாள், பிரமனின் வேள்வியைக் கெடுக்க வந்த இருளை விளக்காக நின்று விலக்கியவர். திருமங்கையாழ்வார் பிறந்த நாளும் கார்த்திகையில் கார்த்திகைதான். சைவத்தில் அதே நாள் கணம்புல்ல நாயனாருக்கு. நெய் வாங்கக் காசில்லை. கணம்புல்லை அரிந்து வந்து விற்று விளக்கெரித்தார். புல் விலைபோகாத நாளில் அந்தப் புல்லையே திரியாக்கி எரித்தார். யாமம் முடியும்வரை அதுவும் போதாமல் தலைமுடியை மூட்டினார். எதை எரித்தால் என்ன என்று துண்டறிக்கை எழுதியவருக்கு இந்தக் கதை சாதகம் போலத் தோன்றலாம். நன்றாகப் பாருங்கள்: அவர் எரித்தது தன் கையால் அறுத்த புல், கடைசியில் தன் முடி. சுலபமாகக் கிடைத்தது என்று எதையோ கொளுத்திவிட்டுப் போகவில்லை.

மாவளிக்கு வருகிறோம். "விபத்து ஏற்படுத்தக்கூடிய பட்டாசு வகை" என்று அதைச் சேர்த்திருக்கிறீர்கள். மாவளியில் மருந்து கிடையாது. வெடி உப்பு கிடையாது, கந்தகம் கிடையாது. பனம்பூக் கரி, ஒரு பிடி கல்லுப்பு, பழைய பருத்தி வேட்டி, பனைமட்டை, கயிறு. அவ்வளவுதான்.

அலகுப் பனை, அதாவது ஆண்பனை, கோடையில் உதிர்க்கும் காய்ந்த பாளையைப் பொறுக்கிச் சேர்த்து வைக்க வேண்டும். முழங்கால் ஆழக் குழியில் போட்டு எரித்து, எல்லாம் செந்தணலாகும்போது, சாம்பல் பூக்கும் முன்பே, ஈரச் சாக்கும் மண்ணும் போட்டுக் காற்றுப் புகாமல் மூட வேண்டும். மறுநாள்தான் திறக்கலாம். அவசரப்பட்டுத் திறந்தால் காற்றுப் பட்டுத் திரும்பக் கனன்று கையில் சாம்பல்தான் மிஞ்சும். கரியை உப்போடு அம்மியில் மாவாக அரைத்து, வேட்டித் துணியில் ஒரு சாண் நீளத்துக்குக் கட்டைவிரல் பருமனில் கெட்டியாக உருட்டி, நூலால் இறுக்கிக் கட்ட வேண்டும். பனைமட்டையை மூன்றாகப் பிளந்து, ஓரத்து முள்ளான கருக்கைச் சீவிவிட்டு, பொட்டணத்தை நடுவில் வைத்துக் கட்டி, மட்டையின் தலையில் மூன்று அடிக் கயிறு. நுனியில் தணலை வைத்து ஊதி, சுற்றினால் தலைக்கு மேல் பொன்வளையம் போலப் பொறி கொட்டும். பனம்பூக் கரிப் பொறி மேலே பட்டாலும் கணத்தில் அணைந்துவிடும்.

மாவளியில் காயம் பட்டதெல்லாம் இரண்டே காரணத்தால். ஒன்று, வேட்டிக்குப் பதில் பாலியஸ்டர் துணி. அது எரியாமல் உருகிச் சொட்டும், தோலில் ஒட்டிக்கொள்ளும். மற்றது நைலான் கயிறு. சூட்டில் இளகி அறுந்து, மாவளி பறந்துபோய்க் கூட்டத்தில் விழும். தளரக் கட்டிய பொட்டணம் ஆபத்தில்லை, கரி மொத்தமாகக் கொட்டிப்போய் பையன் அழுவான், அவ்வளவே. தடை போட வேண்டியது பாலியஸ்டருக்கும் நைலானுக்கும்.

மாவளிக்கும் கதை உண்டு. திருமறைக்காட்டில் (வேதாரண்யத்தில்) அணையப்போன விளக்கில் நெய் குடிக்க வந்த எலியின் மூக்கைத் தீ சுட, அது துள்ளியதில் திரி தூண்டப்பட்டு விளக்கு நின்று எரிந்தது. அந்த எலி மறுபிறப்பில் மாவலிச் சக்கரவர்த்தி ஆனது. அப்பர் திருக்குறுக்கைப் பதிகத்தில் இதைப் பாடுகிறார். "மாவளியோ மாவளி" என்று பிள்ளைகள் கூவுவது அந்த மாவலியைத்தான் என்று ஊர் சொல்லும். தெரியாமல் திரி தூண்டிய எலிக்கே மண்ணும் விண்ணும் கிடைத்ததென்றால், தெரிந்தே தீ சுற்றுகிற பிள்ளைகளை மாடவீதியிலிருந்து விரட்டலாமா?

உங்கள் பக்கத்து நியாயங்களையும் ஒதுக்கிவிடவில்லை.

பனை வெட்ட அனுமதி. 2021இல் வந்த வேளாண் நிதிநிலை அறிக்கைக்குப் பிறகு பனைமரத்தை வெட்ட மாவட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும். அந்த விதியை முதலில் வரவேற்பவர்கள் நாங்கள். உயிருள்ள மரத்தை வெட்டச் சொல்லவே இல்லை. இடி விழுந்து மொட்டையானது, வண்டு குடைந்து குருத்து செத்தது, காற்றில் சாய்ந்தது என்று ஏரிக்கரையில் எப்போதும் இரண்டு மூன்று நிற்கும். அதற்கு அனுமதி கேளுங்கள். ஐப்பசியில் கேட்டால் கிடைக்காது. ஆடியிலேயே மனு கொடுக்க வேண்டும். முற்றி வைரம் பாய்ந்த மரமென்றால் ஓலைத் தீ மேலே கருக்குமே தவிர உள்ளே இறங்காது. மண்ணில் புதைத்த பகுதியை அறுத்துவிட்டு, நனையாமல் கொட்டகையில் கிடத்தினால் அதே மரத்தை அடுத்த ஆண்டும் நடலாம்.

ஓலை எரியாமல் புகைகிறது என்கிறீர்கள். புகைந்ததுதான், போன ஆண்டுக்கு முந்திய ஆண்டு. அது ஓலையின் குற்றம் இல்லை. கார்த்திகை வடகிழக்குப் பருவமழை மாதம். ஒப்பந்தக்காரர் விழாவுக்கு மூன்று நாள் முன்பு மரத்திலிருந்து நனைந்த ஓலையை வெட்டி வந்தார். புரட்டாசி முடிவதற்குள் காவோலை 200 மட்டை எடுத்து, நிழலில் அடுக்கி, தார்ப்பாய் மூடி வைத்திருக்க வேண்டும். கட்டுவதிலும் முறை உண்டு. 20 அடி மரத்தில் 4 அடி மண்ணுக்குள். சுற்றிலும் செங்கல் ஜல்லி போட்டு இடிக்க வேண்டும். சிமென்ட் வேண்டாம், அடுத்த நாள் பிடுங்க முடியாது. நாலடிக்கு ஒரு மூங்கில் குறுக்கு, அது கட்டுக்கம்பியால். நாரால் கட்டினால் கட்டு எரிந்து, எரியும் ஓலை கொத்தாகக் கீழே விழும். ஓலைக்கு நார் போதும். கூரை வேய்வது போல நுனி கீழே பார்க்க, கீழிருந்து மேலாக அடுக்க வேண்டும்; தூறல் விழுந்தாலும் வழிந்து ஓடிவிடும். மரத்தை ஒட்டி ஒரு கை நுழையும் சந்து விட வேண்டும். நெருக்கி அடைத்தால் காற்று ஏறாமல் புகையும். சந்து இருந்தால் அது புகைபோக்கி போல இழுத்து, நாலு பக்கமும் ஒரே பந்தத்தில் பற்றும். சொட்டு மண்ணெண்ணெய் தேவையில்லை.

மண்ணெண்ணெயைப் பற்றி இன்னொன்று. சொக்கப்பனை எரிந்து முடிந்ததும் அந்தக் கரியை எடுத்து நெற்றியில் இடுவார்கள், மீதியை வயலில் தூவுவார்கள். போன ஆண்டு சாக்கில் பாதி பிளாஸ்டிக் இழை. குழாயிலிருந்து உருகி வழிந்த கறுப்புப் பிசினை யார் நெற்றியில் இடுவது, எந்த வயலில் போடுவது?

பாதுகாப்பு. கார்த்திகையில் அடிப்பது வாடை. வடகிழக்கிலிருந்து வரும், கங்கு தென்மேற்கே போகும். இப்போது நீங்கள் தடுப்புக் கட்டிக் கூட்டத்தை நிறுத்துவது சரியாகத் தென்மேற்கு மூலையில். சாமி வந்து நிற்கும் இடத்தையும் கூட்டத்தையும் வடகிழக்கே மாற்றினாலே பாதி ஆபத்து போய்விடும். மீதிக்கு மரத்தின் உயரத்தைப் போல இரண்டு மடங்கு தூரம் காலியாக இருக்க வேண்டும். இரும்புக் குழாய்க்கு இந்த விதி எதுவும் தேவையில்லை என்று நினைத்துவிடாதீர்கள். குழாயும் சாய்ந்தால் மொத்தமாகத்தான் விழும்.

ஆகவே நாங்கள் கேட்பவை:

இரும்புக் குழாய் முடிவை இந்த ஆண்டே திரும்பப் பெறுங்கள். பட்டுப்போன இரண்டு மரங்களின் இடத்தை எழுதி இணைத்திருக்கிறோம். ஆட்சியருக்கான மனுவில் நிர்வாகத்தின் கையெழுத்து மட்டும்தான் பாக்கி. அனுமதி நேரத்துக்குள் வராவிட்டால், வேம்பு, தென்னை என்று எந்த மரக்கம்பத்திலாவது பனங்காவோலை கட்டிக்கொள்ள ஒப்புகிறோம். குழாய்க்கு ஒப்பமாட்டோம்.

ஓலை எடுப்பதையும் கட்டுவதையும் ஒப்பந்தப் பட்டியலிலிருந்து நீக்கிப் பனையேறிகளிடம் கொடுங்கள். நாள்கூலியும், ஏறுவதற்குக் காப்பீடும் கோவில் தர வேண்டும்.

மாவளித் தடையை நீக்கி, தெப்பக்குளத்து மேல்கரைத் திடலை அன்று மாலை 7 முதல் 9 வரை ஒதுக்குங்கள். பருத்தித் துணி, தேங்காய் நார்க் கயிறு, இவை இரண்டும் இல்லாத மாவளியை நுழைவிலேயே நாங்கள் நின்று தடுக்கிறோம். நாலு பீப்பாய்த் தண்ணீரும் ஈரச் சாக்கும் மட்டும் நிர்வாகம் வைக்கட்டும்.

சொக்கப்பனை கொளுத்தும் அரை மணி நேரம் தெற்கு வீதியின் மேல் மின்கம்பியில் மின்சாரத்தை நிறுத்த மின்வாரியத்துக்கும், வண்டி ஒன்று நிறுத்தத் தீயணைப்பு நிலையத்துக்கும் 15 நாள் முன்பே கடிதம் கொடுங்கள்.

துண்டறிக்கையைத் திருத்தி மறுபடி அச்சிடுங்கள். "தென்னாட்டுத் தீபாவளி" போக வேண்டும். அறுமீன், விளக்கீடு, தீத்தம்பம், மாவலி நாலும் அதில் வர வேண்டும். எழுதித்தர எங்களில் இருவர் தயாராக இருக்கிறார்கள். படி ஒன்று மடலோடு இருக்கிறது.

பிராகாரத்துக்குள் சீரியல் மின்விளக்கு வேண்டாம். கோபுரத்துக்கு வெளியே எவ்வளவு வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளுங்கள். உள்ளே அகல் ஏற்ற ஆள் இல்லை என்றால் சொல்லுங்கள், தெருவுக்கு இருபது பேர் வருகிறோம். புது அகலை முந்தின இரவே தண்ணீரில் ஊறப்போட்டு எடுத்து வருவோம். எண்ணெயை மண் குடிக்காது.

வரும் வெள்ளிக்கிழமை மாலை பூசை முடிந்ததும் அலுவலக வாசலில் வந்து நிற்கிறோம். மனுவில் கையெழுத்திட்டு அன்றே எங்களிடம் கொடுத்துவிடுங்கள். புரட்டாசி முடிய இன்னும் பதினெட்டு நாள்தான் இருக்கிறது, ஓலை காய வேண்டும்.